முகப்பிலிருந்து கடைத்தெருவுக்கு: செட்டிநாட்டுப் பழைய மர இருக்கைகளின் கைமாற்றமும் சான்றிழப்பும்

ஆய்வுச் சுருக்கம்

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும் சோபா, விசிப்பலகை, சாய்வு நாற்காலி முதலிய மர இருக்கைகள் அங்கிருந்து புதிய வீடுகளுக்கு விலைக்குச் செல்கின்றன. இவ்விருக்கைகள் செட்டிநாட்டு வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தன, அங்கு யாருக்காக இடப்பட்டன, எச்சூழலில் வெளியேறின என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டிலிருந்து பிரிந்த இருக்கை தன் வரலாற்றுச் சான்றையும் இழக்கிறது என்பதும், அவ்விழப்பை வாணிகத்தின் இயல்பும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடைவெளியும் சேர்ந்து எளிதாக்குகின்றன என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, மர இருக்கை, பர்மா தேக்கு, பாகப்பிரிவினை, பழம்பொருள் வாணிகம், தொல்பொருள் சட்டம்

1. தரையும் கட்டிலும்

நாற்காலி என்னும் தமிழ்ச்சொல் காலின் எண்ணிக்கையைக் கூறுகிறதேயன்றி அமர்தலைக் கூறவில்லை. முக்காலியும் அவ்வாறே. அமர்தலோடு தொடர்புடைய மணை, பலகை, பாய் முதலிய சொற்களோ தரையிலோ தரையை ஒட்டியோ அமைபவற்றைக் குறிப்பன. உயரமாக அமைந்த மரப்பொருளாகச் சங்க இலக்கியத்தில் மிகுதியும் பேசப்படுவது கட்டில். நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை விரிவாக வருணிக்கிறது. புறநானூற்றின் 50ஆம் பாடல், முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. அரசுரிமை பெறுவதையும் 'அரசுகட்டில் ஏறுதல்' என்றே மரபு குறிக்கிறது. உயர்ந்த இருக்கை தமிழ் மரபில் உடலின் வசதிக்கு உரியதாவதற்கு முன்பே தகுதிக்கு உரியதாகிவிட்டது எனக் கொள்ள இவை இடந்தருகின்றன.

முதுகும் கைகளும் உடைய, இருவரோ மூவரோ அமரத்தக்க நீள் மர இருக்கையை ஆங்கிலேயர் செட்டீ என்றனர். தமிழ் வழக்கில் அதற்குத் தனிப்பெயர் நிலைபெறவில்லை. அரபுச் சொல்லொன்றிலிருந்து ஐரோப்பா சென்று ஆங்கிலத்தின் வழியே இங்கு வந்த 'சோபா' என்னும் சொல்லே, மெத்தை தைத்ததற்கும் பிரம்பு பின்னியதற்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. பெயரே பெறாத பொருள் மரபுப் பொருளாக விற்கப்படுவது கவனத்திற்குரியது.

கொங்குநாட்டு நிலையையும் இங்கே சுருக்கமாக நோக்கலாம். திருப்பூர் மாநகராட்சியோடு 2011இல் இணைக்கப்பட்ட நெருப்பெரிச்சல் போன்ற ஊர்களில் வேளாண்குடி வீட்டின் அமர்விடங்கள் திண்ணையும் ஆசாரமும் கயிற்றுக் கட்டிலுமே. விருந்தினர் வந்தால் விரிக்கப்பட்டது பாய் அல்லது பவானிச் சமுக்காளம். சமுக்காளம் சுருட்டி வைக்கத்தக்கது. விருந்து முடிந்ததும் அறை மீண்டும் வெறுந்தரையாகிவிடும். பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் எழுந்த வீடுகளில் வரவேற்பறை என்னும் நிலையான பகுதி தோன்றியது. அதை நிரப்ப நிலையான இருக்கை தேவைப்பட்டது. அவ்வறைக்குப் பழமையான சோபா வேண்டுமென விரும்பும் ஒருவர் அதைத் தம் முன்னோர் வீட்டில் தேடிப் பயனில்லை. வேறொரு குடும்பத்தின் பரம்பரையிலிருந்துதான் அது விலைக்கு வரவேண்டும். அந்த வேறொரு குடும்பத்தைத் தேடிச் செல்லும் வழி பெரும்பாலும் காரைக்குடிக்குப் போகிறது.

2. ஒரு பழைய பிழை

பிறந்த இடத்தைவிட்டு நீங்கிய இருக்கை எவ்வளவு எளிதில் பொய்வரலாறு பெறும் என்பதற்குச் சோழமண்டலக் கடற்கரையே உலகறிந்த எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரையில் ஐரோப்பியருக்காகக் கருங்காலி மரத்தில் நாற்காலிகளும் நீள் இருக்கைகளும் செய்யப்பட்டன. தாழ்ந்த இருக்கைப் பகுதி, முறுக்கிக் கடைந்த கால்கள், பூவும் கொடியும் நெருங்கச் செதுக்கிய பலகைகள் ஆகியன இவற்றின் அடையாளம். கப்பலேறி இங்கிலாந்து சென்ற இவை நூறாண்டுக்குள் தம் ஊரை இழந்தன. எழுத்தாளரும் பழம்பொருள் திரட்டுநருமான ஹொரேஸ் வால்போல் இத்தகைய கருங்காலி இருக்கைகளை 16ஆம் நூற்றாண்டின் டியூடர் காலத்து ஆங்கிலப் பொருள்கள் என நம்பினார். கர்தினால் உல்சியோடு தொடர்புடைய மாளிகையில் இத்தகைய நாற்காலிகள் இருந்ததே அவருக்குப் போதிய சான்றாயிற்று. 1763இல் ஏலத்தில் ஒரு தொகுதியை வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் இட்டார். அவரைப் பின்பற்றிப் பிறரும் வாங்கினர். தமிழ், தெலுங்குக் கடற்கரைத் தச்சரின் வேலைப்பாடு ஆங்கிலேயரின் பண்டைப் பெருமைக்குச் சான்றாக அமர்ந்திருந்தது.

இப்பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. அமின் ஜாஃபர் 2001இல் வெளியிட்ட, பிரித்தானிய இந்தியா, இலங்கை ஆகியவற்றின் மரச்சாமான்கள் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஆயினும் வால்போல் செய்த பிழையின் வகை இன்றும் தொடர்கிறது. பொருள் கிடந்த வீட்டின் பெருமையைப் பொருளின் பிறப்புச் சான்றாகக் கொள்வதே அப்பிழை. 'இன்ன அரண்மனையிலிருந்து வந்தது' என்னும் கடைக்காரர் கூற்று உண்மையாகவே இருந்தாலும், அது இருக்கை எங்கே கிடந்தது என்பதை மட்டுமே தெரிவிக்கும்.

3. கிட்டங்கித் தரையும் முகப்புச் சோபாவும்

செட்டிநாட்டு வீட்டின் மர வளத்திற்குப் பின்னணி பர்மா. 1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டபின் கீழ்ப்பர்மாவின் நெல் உலகச் சந்தைக்குச் சென்றது. காடழித்து வயலாக்கிய பர்மிய உழவருக்குக் கடன் தந்தவர்களுள் நாட்டுக்கோட்டை நகரத்தார் முதன்மையானவர். 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களது மூலதனத்தை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மேல்பர்மாவும் 1885ஆம் ஆண்டுப் போருக்குப்பின் பிரித்தானியர் வசமாகவே தேக்குக் காடுகள் வணிகக் குழுமங்களுக்கு முற்றிலும் திறந்தன. நின்ற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, சில ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டு, பின் வீழ்த்தி, யானைகளால் ஆற்றுக்கு இழுப்பித்து மிதக்கவிடுவது அங்கு முறை. பச்சைத் தேக்கு மிதக்காது என்பதே அதன் காரணம். மரம் தச்சர் கைக்கு வருமுன்பே ஓரளவு பதப்பட்டுவிடுவது இம்முறையின் துணைப்பயன்.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இச்செல்வத்தை ஈட்டியவர்கள் சோபாவில் அமர்ந்து ஈட்டவில்லை. இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் தொழில் செய்த கிட்டங்கிகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய இடம் தரையில் வகுக்கப்பட்ட ஒரு பகுதியே. அங்கே பாயோ மெத்தையோ விரித்து, சரிந்த மேற்பலகையுடைய தாழ்ந்த கைப்பெட்டியை முன்வைத்துக் கணக்கெழுதினர். இரவில் அங்கேயே உறங்கினர். பல்லாயிரம் ஏக்கர் நிலத்தின் அடமானம் தரையில் அமர்ந்தே எழுதப்பட்டது. ஊர் வீட்டிலும் அன்றாட அமர்வு தரையைச் சார்ந்தே இருந்தது. வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பெண்கள் பாயில் அமர்ந்தனர், உண்பதும் தரையில். ஊஞ்சல் பலகையும் திண்ணையும் ஓய்வுக்கு உரியன.

அவ்வாறாயின் சோபா யாருக்கு? அது இடப்பட்ட இடமே விடை தருகிறது. தெருவாயிலை அடுத்த முகப்பிலும் அதனைச் சார்ந்த ஆடவர் கூடத்திலும் அது இடம்பெற்றது. வளவுக்குள் அதற்கு வேலையில்லை. வருகை தரும் அதிகாரி, வழக்கறிஞர், தொழில் தொடர்புடைய அயலவர் ஆகியோரை வேட்டியும் துண்டும் அணிந்த வீட்டுத் தலைவர் எதிர்கொள்ளும் எல்லைப் பகுதி அது. காலணியோடு வரும் விருந்தினரைத் தரையில் அமர்த்த இயலாது; உள்ளே அழைக்கவும் வழக்கம் இடந்தராது. இவ்விரு இக்கட்டுகளுக்கும் நடுவே போடப்பட்டதுதான் சோபா. மெத்தையைவிடப் பிரம்பு பின்னலே இங்கு மிகுதியாக விரும்பப்பட்டதற்கு வெப்பம் ஒரு காரணம். பிறர் அமர்ந்த துணியைவிட மரத்தையும் பிரம்பையும் கழுவித் துடைப்பது எளிது என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

யார் அமரலாம் என்னும் வினாவின் மறுபக்கம் யார் அமரக்கூடாது என்பது. திண்ணையிலேயே அமரவிடப்படாத சாதியினர்க்கு முகப்புச் சோபா எட்டாத பொருள். அதைச் செய்த தச்சரும், பின்னியவரும், துடைத்து வைத்த பணியாளரும் அதில் அமர்ந்தவர் அல்லர். பழைய இருக்கையின் அழகைப் பேசும் விற்பனை மொழியில் இச்செய்தி இடம்பெறுவதேயில்லை. ஆயினும் இது முடிந்த கதை அன்று. 2020இல்கூடக் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டது நாடறிந்த செய்தியாயிற்று. அங்கே நாற்காலிகளுக்குக் குறைவில்லை.

4. பிரிக்க முடியாத பொருள்

1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் பயிர்நிலத்தின் 6 விழுக்காட்டை உடைமையாகக் கொண்டிருந்த அவர்கள் 1938இல் 25 விழுக்காட்டை உடைமையாகக் கொண்டிருந்தனர். பணம் வேண்டியவர்களிடம் நிலம் சேர்ந்தது. நிலம் பர்மியரின் பகையைச் சேர்த்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1960களில் நே வின் ஆட்சியின் நாட்டுடைமையாக்கம் என அடுத்தடுத்து வந்தவற்றில் அவ்வுடைமை கரைந்தது. வருவாய் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு அதன் பிற்கால இக்கட்டைத் தன்னுள்ளே கொண்டிருந்தது. வளவைச் சுற்றி வரிசையாக உள்ள அறைகள் மணமான ஆண்மக்களுக்கு உரியன. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் தனிப் 'புள்ளி'. அவனது உலையும் செலவும் தனி. முகப்பும் வளவும் கூடங்களும் அனைவர்க்கும் பொது. இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்தபின் ஒரே வீட்டுக்குப் பல்வேறு நகரங்களிலும் நாடுகளிலும் வாழும் பங்காளிகள் பலர் உரியவராயினர். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்புரிமை அளித்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. மகளிர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை இது. பொது வீடுகளைப் பொறுத்தவரை கையெழுத்திட வேண்டியவர் தொகையும் இதனால் பெருகியது.

வீட்டை விற்க அனைவர் ஒப்புதலும் வேண்டும். அறைக்குள் இருக்கும் பெட்டகமும் பாத்திரமும் அந்தந்தப் புள்ளிக்கு உரியவை என்பதில் ஐயமில்லை. பாத்திரங்களில் உரியவரின் விலாச எழுத்துகளை வெட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. முகப்புச் சோபாவோ எந்தப் புள்ளிக்கும் தனியே உரியதன்று. அது வீட்டின் பெயரால் வாங்கப்பட்டது. அதை இரண்டாக அறுக்க இயலாது. ஒருவர் எடுத்துச் சென்றால் மற்றவர்க்குக் குறை. நான்கு நாற்காலியும் ஒரு சோபாவுமாக வந்த தொகுதியில் நாற்காலிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எஞ்சும் சோபாவை விற்றுப் பணத்தைப் பகிர்வதே சண்டையில்லாத வழி. கடைகளில் இணையற்ற சோபாக்களும் ஒற்றை நாற்காலிகளும் மிகுந்திருப்பதற்கு அழகுணர்ச்சியைவிட இப்பங்கீட்டுக் கணக்கே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

வீடே இடிக்கப்படும்போது நிலைமை வேறு. கதவு, நிலை, தூண், உத்தரம், சன்னல், ஆத்தங்குடிக் கற்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே விலை பெறுகின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவில் மரத்தூண்களும் பீங்கான் பூச்சுப் பாத்திரங்களும் ரவிவர்மா அச்சுப்படங்களும் சோபாக்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது இதனால்தான். வீட்டில் ஒன்றுக்கொன்று பல அடி தொலைவிலும் பல தலைமுறை இடைவெளியிலும் இருந்தவை அங்கே ஒரே காலத்தவை போலக் காட்சி தருகின்றன.

5. மரம் சொல்வதும் மறைப்பதும்

கடையில் நிற்கும் இருக்கையின் காலத்தைக் கணிக்க ஐரோப்பியப் பழம்பொருள் நூல்கள் சில விதிகளைத் தருகின்றன. அவை இங்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது.

முதலாவது அறுப்புத் தடம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒழுங்கற்ற கைரம்பத் தடம் பழமைக்கும், வில்போல் வளைந்த வட்டரம்பத் தடம் இயந்திர காலத்துக்கும் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. தமிழகத்தில் இருவர் இழுக்கும் பெரிய ரம்பத்தால் மரம் அறுப்பது 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. துளையில் முளையைப் பொருத்தி மர ஆணி அடித்து இறுக்கும் மூட்டும், இழைப்புளியின் மெல்லிய அலைத்தடமும் அவ்வாறே தொடர்ந்தன. ஆகவே கைவேலைத் தடம் இருப்பதால் மட்டும் 1850ஐச் சேர்ந்தது எனக் கூற இயலாது. 1950ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இயந்திரத் தடம் இருந்தால் மிகப் பழமையானது அன்று எனக் கூறலாம். விதி ஒருபக்கம் மட்டுமே செல்லும்.

திருகாணி ஓரளவு நம்பத்தக்கது, ஏனெனில் அது இறக்குமதிப் பொருள். கூர்முனைத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலாயிற்று. அதற்கு முந்தியவை மொட்டைமுனை உடையவை. கூட்டற்குறி போன்ற வெட்டுடைய தலை 1930களில் தோன்றியது. ஆனால் பழுதுபார்க்கும் ஒவ்வொரு முறையும் திருகாணி மாறுகிறது. எனவே அது காட்டுவது இருக்கையின் பிறப்பைவிடக் கடைசிப் பழுதின் காலத்தையே எனலாம். பழைய துளையில் புதிய திருகாணி தளர்ந்து நிற்பதும், அருகே அடைக்கப்பட்ட துளை இருப்பதும் இவ்வகையில் பெறுமதியுள்ள சான்றுகள்.

பிரம்பு இன்னும் தெளிவாகப் பேசும். கையால் பின்னும் முறையில் சட்டத்தின் ஓரத்தில் நெருக்கமாகத் துளையிட்டு, பிரம்பு இழைகளை நீளவாட்டில், அகலவாட்டில், இரு குறுக்குவாட்டில் எனப் படிப்படியாகச் செலுத்துவர். ஆயத்தமாக நெய்த பிரம்புத் தாளைச் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் பதித்துக் கட்டையால் இறுக்கும் முறை பிற்காலத்தது. பின்னல் எத்தனை முறை மாறியிருந்தாலும் துளை வரிசை மாறாது. எனவே மெத்தையோ பிளாஸ்டிக் ஒயர் பின்னலோ உள்ள சோபாவின் சட்டத்தைக் கவிழ்த்துப் பார்க்கையில் துளைகள் தென்பட்டால் அது முதலில் பிரம்பிருக்கையாக இருந்தது எனத் துணியலாம். இந்தியாவில் பிரம்பு பின்னுதல் பார்வையற்றோர்க்குரிய பயிற்சித் தொழில்களுள் ஒன்றாக நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அரசு அலுவலக நாற்காலிகளின் பின்னல் பலவும் அவர்கள் கைவண்ணம். ஒயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் அவ்வேலையைச் சுருக்கின. பழைய இருக்கையை வாங்குவோர் இன்று பின்னுநர் கிடைக்காமல் தவிப்பதும் இதன் விளைவே.

மரத்தின் பெயரில் குழப்பம் மிகுதி. 'பர்மா தேக்கு' என்பது கடைமொழியில் தரத்தின் பெயர். ஊரின் பெயராக அதை அப்படியே ஏற்கலாகாது. பர்மாவில் வளர்ந்ததும் ஆனைமலையிலும் நிலம்பூரிலும் வளர்ந்ததும் ஒரே தாவர இனம். நெருங்கிய வளையமும் நேரான இழையோட்டமும் மெதுவாக வளர்ந்த முதிர்மரத்தைக் காட்டுமே தவிர எந்தக் காடு என்பதைக் காட்டா. மியான்மர் 2014 ஏப்பிரலில் உருட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தபின் பழைய மரத்தின் மதிப்பு கூடியது. அதனோடு அப்பெயரின் ஈர்ப்பும் கூடியது. தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதால் அறிவியல்வழிக் காலக்கணிப்புக்கு அது ஏற்ற மரமே. ஆயினும் வீட்டு மரச்சாமான் ஆய்வில் தமிழகத்தில் அது இன்னும் வழக்கமாகவில்லை. ஈட்டி மரத்துக்கு வேறொரு கட்டுப்பாடு உண்டு: அதன் பேரினம் முழுவதும் 2017 சனவரி முதல் பன்னாட்டு வாணிக ஒழுங்குமுறைப் பட்டியலில் இடம்பெற்றது.

மிகக் கடினமானது கலப்பு இருக்கையை இனங்காண்பது. உடைந்த கட்டிலின் தலைப்பலகை சோபாவின் முதுகாகிறது. கதவின் செதுக்குப்பட்டை கைப்பிடிக்கு மேல் ஏறுகிறது. மரம் பழையது, வேலைப்பாடு பழையது, பொருள் புதியது. இதனை மோசடி என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. கிடைத்த மரத்தை வீணாக்காத தச்சர் அறிவும் இதில் உண்டு. ஆனால் நூறாண்டுச் சோபா என்னும் பெயரில் அது விற்கப்படும்போது ஆய்வாளர்க்கும் வாங்குவோர்க்கும் ஒரே இழப்பு. வேலைப்பாடு ஓரத்தில் திடீரென வெட்டுப்படுவது, எதற்கும் பயன்படாத துளையோ பள்ளமோ தென்படுவது, மெருகிட்ட பக்கம் உள்முகமாகத் திரும்பியிருப்பது ஆகியன இதற்கான தடயங்கள்.

6. நூறாண்டு எல்லை

தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டுக்குக் குறையாத கலை அல்லது கைவினைப் படைப்புகளும், கட்டடத்திலிருந்து பிரிக்கப்பட்ட பொருள்களும், கடந்தகால வழக்கங்களை விளக்கும் பொருள்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன. கையெழுத்துப்படிகளுக்கு எல்லை 75 ஆண்டு. தொல்பொருள் வாணிகத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது. இவ்வரையறையின்படி 1912இல் செய்த சோபா 2012இல் தொல்பொருளாகிவிடுகிறது. செட்டிநாட்டுப் பெருவீடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை எழுந்தவை. கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் நிறைவுற்றது; காரைக்குடி ஆயிரம் சன்னல் வீடு 1941ஐச் சேர்ந்தது. ஆகவே இவ்வீடுகளின் மரச்சாமான்கள் ஆண்டுதோறும் சிறுசிறு தொகுதியாகச் சட்டத்தின் எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன.

எல்லையைக் கடப்பதால் மட்டும் அவை பதிவேட்டில் ஏறுவதில்லை. உரிமையாளர் கட்டாயமாகப் பதிய வேண்டியவை எனத் தனியே அறிவிக்கப்பட்ட வகைகள் சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய கையெழுத்துப்படிகள் முதலியன. மரச்சிற்பம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சோபாவும் நாற்காலியும் அவ்வகைகளுள் இல்லை. ஒரு தூணில் செதுக்கிய உருவத்துக்குப் பதிவு உண்டு. அத்தூணுக்கு அருகில் நூறாண்டு கிடந்த இருக்கைக்கு இல்லை. பதிவின்மையால் அது எவ்வூரில், எவ்வீட்டில், எவ்விடத்தில் இருந்தது என எழுதிவைக்க வேண்டிய கடமை விற்பவர்க்கும் இல்லை, வாங்குபவர்க்கும் இல்லை. ஒவ்வொரு நாற்காலியையும் பதிய வேண்டும் எனக் கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது. வீட்டை விற்கும் பங்காளிகளின் இடரை அது பெருக்கவும் கூடும். விற்பனைச் சீட்டில் ஊரையும் வீட்டுப் பகுதியையும் இரண்டு வரியில் குறிக்கச் செய்வது அத்தகைய சுமை அன்று.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெசுகோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அம்முயற்சியின் மையம் ஊரமைப்பும் கட்டடமும். கட்டடத்துக்குள் இருந்தவை பற்றிய கணக்கு வேறு வகையில் தேடப்பட வேண்டும். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகம் செட்டிநாட்டு வணிகர் வீடொன்றைப் பெயர்த்துவந்து மீள அமைத்தது. அங்கே இருக்கையைக் காண்பவர் அதனோடு திண்ணையையும் தாழ்வாரத்தையும் சேர்த்தே காண்கிறார். எதற்கு முன் எது இருந்தது என்பது விளங்குகிறது. கடையில் காண்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்க்குக் கிடைப்பது இருக்கையின் உடலில் எஞ்சியுள்ளவை மட்டுமே.

அவ்வாறு எஞ்சுவன பெரும்பாலும் கண்ணில் படாத பக்கத்தில் உள்ளன. வியன்னாவிலிருந்து உலகெங்கும் சென்ற தோனெத் நிறுவனத்தின் வளைமர நாற்காலிகளுக்கு இருக்கை வளையத்தின் உட்புறத்தில் ஒட்டிய தாளோ அழுத்திய முத்திரையோ உண்டு. 1869இல் அதன் தனியுரிமம் முடிந்தபின் பெருகிய போட்டியாளரின் பொருள்களை அசலிலிருந்து பிரித்தறிய அதுவே முதல் வழி. உள்ளூர்த் தச்சர் செய்த சோபாவில் அத்தகைய முத்திரை இராது. ஆனால் மெருகேறாத அடிச்சட்டத்தில் உரியவரின் விலாச எழுத்தோ, தச்சர் மூட்டுகளை இணைத்தறிய உளியால் இட்ட கீறலோ, பாகப்பிரிவினையின்போது சுண்ணக்கட்டியால் இட்ட எண்ணோ இருக்கக்கூடும். கடைக்கு வந்த இருக்கைக்கு முதலில் நடப்பது தூய்மைப்பணி. மூட்டுகளைக் கழற்றி, பழைய அரக்கு மெருகை மருந்திட்டு நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மக்கு அடைத்து, புதிய பாலிஷ் ஏற்றுகின்றனர். மேற்பக்கம் பளபளக்க வேண்டும் என்பது வாங்குவோர் விருப்பம். அடிப்பக்கத்தையும் சேர்த்துத் தேய்ப்பது வேலைசெய்பவரின் நேர்மை. கவிழ்த்துப் பார்க்க வேண்டியவர் அதற்கு முன்பே கடைக்குப் போயிருக்க வேண்டும்.